சீட்டைத் தொடாதீங்க

அந்த விளக்கு முதன்முதலில் எரிந்தபோது பொடிசு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டேஷ்போர்டில், வேகம் காட்டும் வட்டத்துக்குக் கீழே, ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது போலவும் அவன் நெஞ்சுக்கு நேராக யாரோ பந்தைத் தூக்கிப் போட்டது போலவும் ஒரு சின்னப் படம். சிவப்பாக எரிந்தது. வீட்டுக்கு வந்து, காரோடு கொடுத்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். ஏர்பேக் விளக்காம். அது அணையாமல் எரிந்தால், வண்டி எங்காவது மோதும்போது காற்றுப் பை விரியாமலே போய்விடலாம் என்று போட்டிருந்தது.

பொடிசு என்பது அவள் பெயர் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் நாத்தனார் வைத்த பட்டம். புகுந்த வீட்டில் எல்லோரும் நெட்டை. கணவர் கதவு நிலையில் குனிந்துதான் நுழைவார். அவருடைய அக்காவான இந்த நாத்தனார் பரண்மேல் இருக்கும் பெட்டியை நாற்காலி போடாமலே இறக்கி வைப்பார். அவர்களுக்கு நடுவில் இவள் நின்றால் படம் எடுப்பவர் கேமராவைத் தாழ்த்த வேண்டியிருக்கும். நாற்பதைத் தாண்டியும் பட்டம் உதிரவில்லை. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை, கூப்பிட்டால் திரும்பினாள். நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம்.

மறுநாள் காலை கணவரை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். எல்லா விளக்குகளும் ஒருமுறை பளிச்சிட்டு, ஒவ்வொன்றாக அணைந்தன. பந்துக்கார ஆளும் அணைந்துவிட்டான்.

"எங்கம்மா எரியுது?"

"நேத்து எரிஞ்சுதுங்க. வீடு வர்ற வரைக்கும் எரிஞ்சுது."

"இப்ப இல்லையே."

அன்று மாலை அவள் ஓட்டினாள். முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் எரிந்தது. அடுத்த நாள் அவர் ஓட்டினார். அலுவலகம் போய்த் திரும்பும் வரை ஒரு முணுமுணுப்பும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் பல் வைத்தியரைப் பார்க்கக் காரை எடுத்துப் போனார். அவருக்கும் எரியவில்லை.

"எனக்கும் எரியல, அவனுக்கும் எரியல. பொடிசு, இந்தக் காருக்கு உன்னைக் கண்டா ஆகல போல" என்றார் நாத்தனார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு வீட்டில் ஒட்டிக்கொண்டது. சாப்பிடும்போது, துணி மடிக்கும்போது, யாராவது ஒருவர் அதை எடுத்துவிடுவார்கள். இன்னிக்கு மாமியார் மாதிரி முறைச்சுதா, இல்ல சும்மா விட்டுடுச்சா?

பொடிசு வண்டி ஓட்டக் கற்றதே மூன்று வருடங்களுக்கு முன்னால்தான். கற்றுக்கொடுத்த பள்ளியில் எல்லோரும் அவளைவிடப் பாதி வயது. முதல் தேர்வில் தோற்று, இரண்டாவதில் தேறி, உரிமத்தைக் கையில் வாங்கிய அன்று கடையில் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தவள். அதனால் இந்தக் கேலி அவளுக்கு மேலுக்குச் சிரிப்பாகவும் உள்ளுக்குள் முள்ளாகவும் இருந்தது.

அவள் வேலை செய்தது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். வருகிறவர்களை இருட்டறையில் உட்காரவைத்து, கனத்த சட்டத்தை மூக்கில் மாட்டி, வட்ட வட்டமான லென்ஸ்களை ஒவ்வொன்றாகச் செருகி, "இது தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி போட்டது தெளிவா?" என்று கேட்பது அவள் பிழைப்பு. அந்தக் கடைக்காரர்கள் ஊரின் மறு ஓரத்தில், புதிதாக முளைத்த குடியிருப்புகளுக்கு நடுவே, இன்னொரு கிளை திறக்கப்போகிறார்கள். அதற்குப் பொறுப்பாளர் பொடிசு என்று முடிவாகியிருந்தது. அங்கே நேராகப் போகிற பஸ் கிடையாது. முதலாளியம்மா கேட்ட ஒரே கேள்வி, "கார் ஓட்டுவீங்க இல்ல?" இவளும் தலையை நிமிர்த்தி, "ஓட்டுவேன் மேடம்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அதனால்தான் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது கணவர் சொன்னது சுருக்கென்று தைத்தது.

"சரியாகுற வரைக்கும் நீ எடுக்க வேண்டாம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்மா. மோதிச்சுன்னா பை விரியணும், விரியலைன்னா யாரு பதில் சொல்றது?"

"உங்களுக்கு மட்டும் விரியுமாக்கும்?"

"எனக்குத்தான் எரியலையே."

கணவர் கெட்டவர் இல்லை. அவள் பத்திரமாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். அதோடு நிறுத்தியிருந்தால் போயிருக்கும். தட்டைக் கழுவப் போகும்போது இன்னொன்றும் சொன்னார்: "நீ வளைவுல ஸ்டியரிங்கை வெடுக்குனு ஒடிக்கிறே. உள்ள ஏதாவது அறுந்திருக்கும்."

அந்த வாரமே காரைப் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குக் கொண்டுபோனார். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, கணினியைச் செருகிப் பார்த்தார்கள். ஓட்டுநர் பக்கத்து ஏர்பேக் இணைப்பில் எப்போதோ கோளாறு வந்து போனதாகப் பதிவு இருந்ததாம். ஓட்டுநர் பக்கம் என்றால் ஸ்டியரிங்தான் என்று அவர்களும் முடிவு கட்டினார்கள். ஸ்டியரிங்குக்குள் சுருண்டு கிடக்கும் நாடா ஒன்று உண்டு. சக்கரம் எவ்வளவு திரும்பினாலும் பைக்குப் போகும் மின்சாரம் அறுந்துவிடாமல் அது சுருண்டு விரிந்து கொடுக்கும். அதை மாற்றினார்கள். கணவர் ஓட்டிக்கொண்டு வந்தார். விளக்கு எரியவில்லை.

"முடிஞ்சுது. நான் சொன்னேன் இல்ல, ஸ்டியரிங்குதான்."

மறுநாள் பொடிசு காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். வளைவுகளில் மட்டும் முட்டையைச் சுமப்பவள் போல மெதுவாகத் திருப்பினாள். பாதி வழியில், தோண்டி மூடிய ஒரு சாலைப் பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. பந்துக்கார ஆள் சிவந்தான்.

கடை வாசலில் வண்டியை நிறுத்தியவள் உடனே இறங்கவில்லை. அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அழுகை வருமோ என்று பார்த்தாள். வரவில்லை. கோபம்தான் வந்தது. அதுவும் விளக்கின்மேல் இல்லை. எரிகிறது என்று இத்தனை முறை சொன்னாளே, ஒருவராவது பக்கத்தில் உட்கார்ந்து வந்து பார்த்தார்களா? எல்லோரும் அவளை இறக்கிவிட்டு, தாங்கள் ஏறிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று கையை உதறினார்கள்.

அவளுக்கு ஒரு ஆள் நினைவுக்கு வந்தார்.

டயர் கடைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகையில் ஒரு கார் எலக்ட்ரீஷியன் இருந்தார். ஐம்பது வயது. கழுத்து நீண்டு, தோள் கூனி, காருக்குள் குனிந்து குனிந்தே வளைந்துபோன நெட்டை உடம்பு. ஆறு மாதத்துக்கு முன் பொடிசின் கடைக்குக் கண்ணாடி வாங்க வந்தவர். போட்டுக்கொண்டால் படிக்கட்டு அலை அலையாகத் தெரிகிறது என்று இரண்டு முறை திரும்பி வந்தார். மற்றவர்கள் போகப் போகப் பழகிவிடும் என்று அனுப்பினார்கள். பொடிசுதான் அவரைக் கடைப் படிக்கட்டில் ஏறி இறங்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தாள். சட்டம் அவர் மூக்கில் அரை விரல் கீழே இறங்கி உட்கார்ந்திருந்தது. மூக்குத் தாங்கியை நிமிர்த்தி, லென்ஸை மாற்றிப் போட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து கடையைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே பார்த்துக் கையாட்டுவார்.

சனிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காரை நேரே அவரிடம் கொண்டுபோனாள்.

"வாங்க மேடம். கண்ணாடி சும்மா கல்லு மாதிரி நிக்குது" என்று மூக்கைத் தட்டிக் காட்டினார்.

"அண்ணே, எனக்கு ஒரு விளக்கு எரியுது. வேற யாருக்கும் எரியல. எனக்கு மட்டும்தான் எரியுது. இதைச் சொன்னா சிரிக்கிறாங்க. நீங்க சிரிக்காம கேக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, பெஞ்சைக் காட்டி, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். எங்கே எரிந்தது, எப்போது அணைந்தது, மழையா வெயிலா, ஏசி ஓடியதா, பக்கத்தில் ஆள் இருந்தார்களா. பொடிசு ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"சரி, பாத்துடுவோம்" என்று கார் கதவைத் திறந்தார். நீண்ட காலில் ஒன்றை உள்ளே வைத்தார். உட்காரும் முன்பே, பழக்க தோஷத்தில், கை சீட்டுக்கு அடியில் போய்க் கம்பியைத் தூக்கியது. சீட் தடதடவென்று பின்னால் ஓடியது. சாவியைத் திருகினார். விளக்குகள் மின்னின, அணைந்தன.

"இப்ப இல்லையே மேடம்."

அதே வார்த்தை. அவரே அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"இல்ல இல்ல, நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல வர்றேன்."

அவள் ஏறினாள். சீட்டை முழுக்க முன்னால் இழுத்து, ஸ்டியரிங்குக்குக் கிட்டே வந்து, கால் பெடலை எட்டியதும் புறப்பட்டாள். எலக்ட்ரீஷியன் பக்கத்துச் சீட்டில், கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கொட்டகைத் தெருவின் முனையில் ஒரு வேகத்தடை. அதில் ஏறி இறங்கியதும் விளக்கு பிடித்துக்கொண்டது.

"எரியுது!" என்று கத்தினார் எலக்ட்ரீஷியன்.

பொடிசுக்கு வண்டியை நிறுத்திவிட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கலாம் போல இருந்தது. இத்தனை நாளில் அவளைத் தவிர இன்னொரு மனிதக் கண் அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"பாத்தீங்களா அண்ணே? பாத்தீங்கதானே?"

"பாத்தேன் மேடம், ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். அதுவும் நீங்க போட்டுக் குடுத்த கண்ணாடியில." அவர் ஸ்கேனரைத் தட்டினார். "டிரைவர் பக்கம்னுதான் சொல்லுது. ஆனா ஸ்டியரிங் பை இல்ல இது. சைடு பை. சீட்டோட முதுகுல, கதவுப் பக்கமா ஒண்ணு ஒளிஞ்சிருக்கும். அதுக்குப் போற ஒயர்ல எங்கயோ தொடுப்பு சரியில்ல. பெரிய ஒர்க்‌ஷாப்புல அவசரத்துல மேலோட்டமா பாத்துட்டு ஸ்டியரிங்னு நினைச்சுட்டாங்க."

கொட்டகைக்குத் திரும்பினார்கள். அவள் இறங்கினாள். எலக்ட்ரீஷியன் ஓட்டுநர் பக்கம் வந்து கதவைப் பிடித்தார். ஒரு காலை உள்ளே வைத்தார். கை கீழே போனது.

"அண்ணே, நிறுத்துங்க!"

அவர் அப்படியே நின்றார், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"சீட்டைத் தொடாதீங்க."

"தொடாம நான் எப்படி உள்ள வர்றது?"

"மடங்கி வாங்க."

பொடிசின் மண்டைக்குள் என்னவோ வேகவேகமாக ஓடிக்கொண்டிருந்தது. கணவர் ஏறும்போதும் அதே கை, அதே கம்பி. நாத்தனார் ஏறும்போதும் அதே. ஒர்க்‌ஷாப்காரர்களும் அப்படித்தான் செய்திருப்பார்கள். அவள் உட்கார்ந்த இடத்தில் வேறு யார் நுழைய முடியும்? எல்லோரும் விளக்கைச் சோதிப்பதாக நினைத்துக்கொண்டு, சோதிப்பதற்கு முன்பே ஒன்றை மாற்றிவிட்டிருந்தார்கள். இருட்டறையில் லென்ஸை மாற்றும்போது சட்டத்தையும் சேர்த்து நகர்த்தினால் எதனால் தெளிந்தது என்று யாருக்குத் தெரியும்?

"என் இடத்துலேயே உக்காந்து பாருங்க அண்ணே. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

எலக்ட்ரீஷியன் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. தலையை முதலில் விட்டு, இடுப்பை ஒடித்து, ஒரு முழங்காலை ஸ்டியரிங்குக்கு இந்தப் பக்கமும் இன்னொன்றைக் கதவுப் பக்கமுமாக விட்டு, பெட்டிக்குள் திணித்த குடை மாதிரி உள்ளே போய்ச் சேர்ந்தார். மூச்சு விடவே இடமில்லை. சாவியைத் திருகினார். விளக்குகள் மின்னின. மற்றவை எல்லாம் அணைந்தன. பந்துக்கார ஆள் அணையவில்லை.

"அட!"

"இப்ப பின்னால தள்ளுங்க."

சீட் பின்னால் ஓடியது. அணைத்துத் திருகினார். விளக்கு இல்லை. முன்னால் இழுத்துக் குலுக்கினார். திருகினார். எரிந்தது. ஸ்கேனரில் அந்த இணைப்பின் மின்தடை அளவு சீட் பின்னால் இருக்கும்போது இரண்டு ஓம் சொச்சத்தில் சாதுவாக நின்றது. அடித் தண்டவாளத்தில் முன்னாலிருக்கும் கடைசிப் பல்லில் நிறுத்திக் குலுக்கியதும் குபீரென்று ஏறியது. அவர் சின்னப் பிள்ளை மாதிரி சீட்டை முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் இருவரும் சேர்ந்து "வருது", "போயிடுச்சு" என்று சத்தம் போட்டார்கள். டயர் கடையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"சீட்டுக்கு அடியிலதான் இருக்கு மேடம். கழட்டிடட்டுமா?"

பொடிசு யோசித்தாள். "வேண்டாம் அண்ணே. நாளைக்கு வச்சுக்கலாம். என் வீட்டுக்காரர் வந்து பாக்கணும். சும்மா பாத்தா போதாது, உக்காரணும்."

*

ஞாயிற்றுக்கிழமை காலை கணவரும் நாத்தனாரும் கொட்டகைக்கு வந்தார்கள். கணவருக்கு வர விருப்பமில்லை. பெரிய ஒர்க்‌ஷாப்பில் கண்டுபிடிக்காததை இந்தத் தகரக் கொட்டகையில் என்ன கண்டுபிடித்துவிடப் போகிறார்கள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். நாத்தனார் வேடிக்கை பார்க்கவே வந்தார், அதை மறைக்கவும் இல்லை.

"உக்காருங்க" என்றாள் பொடிசு, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு.

அவர் கையைக் கீழே விட்டார்.

"சீட்டைத் தொடாதீங்க."

"என்னது?"

"நான் உக்கார்ற இடத்துல உக்காந்து ஓட்டுங்க. ஒரே ஒரு சுத்து. தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்தா போதும்."

"விளையாடுறியா? முட்டி இடிக்கும்."

"டேய், உக்காருடா" என்றார் நாத்தனார். "ஒரு சுத்துதானே. அவ தினம் உக்கார்றா இல்ல?"

கணவர் எலக்ட்ரீஷியனைப் பார்த்தார், ஆண்களுக்குள் ஒரு ஆதரவு கிடைக்குமா என்று. அவர் மேலே தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் கணவர் உள்ளே நுழைந்தார். தலை கூரையில் இடித்தது. முழங்கால்கள் இரண்டும் ஸ்டியரிங்கின் இருபுறமும் தவளைக் கால்போல அகன்று நின்றன. நாத்தனாருக்கு அப்போதே சிரிப்பு தாங்கவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கினார்.

வண்டி ஊர்ந்து போனது. வேகத்தடையில் ஏறியது. இறங்கியது. பிரேக் விளக்கு எரிந்து, கார் நடுத்தெருவில் அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் நகரவே இல்லை.

பிறகு ஜன்னல் கண்ணாடி இறங்கியது. கணவரின் தலை வெளியே நீண்டது.

"எரியுது!"

"என்னது? கேக்கல" என்றாள் பொடிசு. நன்றாகக் கேட்டது.

"எரியுதும்மா! எனக்கும் எரியுது!"

நாத்தனார் அதற்குமேல் அடக்கவில்லை. டயர் அடுக்கின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நானும் பாக்கணும், நானும் பாக்கணும்" என்று போய், தம்பியை இறக்கிவிட்டு, தன் நெடிய உடம்பை அந்த இடுக்கில் நுழைத்து ஒரு சுற்று வந்தார். அவருக்கும் எரிந்தது. இறங்கியதும் நேரே பொடிசிடம் வந்து அவள் கன்னத்தைக் கிள்ளினார்.

"காருக்கு உன்னை ஆகலைன்னு சொன்னேனே, அதை நான் திரும்ப எடுத்துக்கிறேன். காருக்கு எங்க யாரையுமே ஆகல. நாங்க தள்ளி உக்காந்து தப்பிச்சோம்."

எலக்ட்ரீஷியன் வேலையில் இறங்கினார். முதலில் பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றித் தனியாக ஒதுக்கி வைத்தார். உடனே கை வைக்கவில்லை. "உள்ள கொஞ்சம் கரண்ட் தங்கியிருக்கும். அது இறங்கட்டும். அவசரப்பட்டு மஞ்சள் ஒயரைத் தொட்டா, பை நம்ம மூஞ்சியிலேயே வெடிக்கும்" என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் டீ வரவழைத்தார். கணவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், காரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

டீ முடிந்தது. நான்கு போல்ட்டையும் கழற்றி, எலக்ட்ரீஷியன் சீட்டை மெல்லப் பின்னால் சாய்த்தார். டார்ச்சை அடித்தார். நான்கு தலைகளும் ஒன்றாகக் குனிந்தன.

தரையிலிருந்து சீட்டுக்கு ஏறும் ஒயர்க் கட்டில் மஞ்சள் உறை போட்ட ஒயர் ஒன்று தனியாகத் தெரிந்தது. அதன் இடுப்பில் கறுப்பு எலாஸ்டிக் பட்டை ஒன்று இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. பட்டையின் மறுமுனை பின்னால் தரைப்பக்கக் கம்பியில் கட்டப்பட்டிருந்தது. சீட் முன்னால் போகும்போதெல்லாம் பட்டை மஞ்சள் ஒயரைப் பிடித்துப் பின்னால் இழுத்திருக்கிறது. இழுத்து இழுத்துப் பிளக்கின் உள்ளே இருந்த பின் பாதி கழன்று நின்றது. குலுங்கினால் போதும், தொடுப்பு விட்டுவிடும்.

"இது கம்பெனி முடிச்சு இல்லையே" என்றார் எலக்ட்ரீஷியன். "இது சீட் கவரோட பட்டை. யாரோ கவர் மாட்டும்போது கட்டியிருக்காங்க."

நாத்தனார் மெதுவாகத் தம்பியின் பக்கம் திரும்பினார். பொடிசும் திரும்பினாள். போன பண்டிகை விடுமுறையில், கடைக்காரன் மாட்டினால் சுருக்கம் விழுகிறது என்று, வாசலில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, ஒரு பகல் முழுக்க உழைத்துச் சீட் கவர் மாட்டியது யார் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டியதும் தெரியும்.

கணவரின் முகத்தில் ஈயாடவில்லை.

"அது... கட்டுறதுக்கு ஒரு கம்பி மாதிரி தெரிஞ்சுது" என்றார் கடைசியில்.

"மஞ்சளா இருந்துதே" என்றார் எலக்ட்ரீஷியன் பணிவாக.

"படுத்துக்கிட்டுக் கையை விட்டுக் கட்டினேன். கண்ணுக்குத் தெரியல."

"கண்ணுக்குத் தெரியலைன்னா எங்க கடைக்கு வந்திருக்கலாமே" என்றாள் பொடிசு.

நாத்தனார் மறுபடி டயர் அடுக்கைத் தேடிப் போனார்.

எலக்ட்ரீஷியன் முடிச்சை அவிழ்த்தார். பையின் பிளக்கைக் கழற்றி, அது இருந்த இடத்தில் பைக்குப் பதிலாகச் சின்ன மின்தடை ஒன்றைச் செருகி, ஒயர் பக்கம் மட்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். பை நன்றாகவே இருந்தது, பிளக்தான் கெட்டிருந்தது. வெட்டி ஒட்டுகிற வேலை இதில் ஆகாது என்று, அதற்கென்றே வரும் புதுப் பிளக்கைப் பொருத்தினார். ஒயரைத் தரையிலிருந்த பழைய கவ்வியில் திரும்ப மாட்டி, சீட் எந்தப் பல்லில் நின்றாலும் தளர்வாக ஆடும்படி விட்டார். பிறகு சீட் கவரின் பக்கவாட்டைத் தடவிப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"சார், இன்னொண்ணு. இந்தப் பை சீட்டோட ஓரத்தைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரணும். இவ்வளவு தடியா கவர் போட்டு இறுக்கினா அது எங்க வரும்? ஒயர் சரியா இருந்தாலும் பிரயோஜனமில்ல."

கணவர் காருக்குள் குனிந்து, தானே மாட்டிய கவர்களைத் தானே ஒவ்வொன்றாக உருவினார். எல்லாவற்றையும் மடித்துக் கொட்டகை மூலையில் வைத்தார். திரும்பி வந்து பொடிசின் எதிரே நின்றார். அக்காவும் எலக்ட்ரீஷியனும் பக்கத்தில் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

"நான்தான் தப்பு பண்ணினேன். பண்ணிட்டு உன்னைச் சொன்னேன். நீ ஸ்டியரிங்கை ஒடிக்கிறேன்னு சொன்னது ரொம்பத் தப்பு. நீ நல்லா ஓட்டுறே."

பொடிசு அந்த நேரத்தில் சொல்ல வேண்டும் என்று எத்தனையோ யோசித்து வைத்திருந்தாள். குளிக்கும்போதும் கடைக்குப் போகும்போதும் வரி வரியாகக் கோத்து வைத்தவை. மனசு நிறைந்து கிடந்தது.

"ஏறுங்க, போலாம்" என்றாள்.

எலக்ட்ரீஷியன் பேட்டரியை மாட்டினார். பொடிசு சீட்டைத் தன் இஷ்டத்துக்கு, முழுக்க, கடைசிப் பல் வரை முன்னால் இழுத்தாள். சாவியைத் திருகினாள். எல்லா விளக்குகளும் வரிசையாக மின்னின. பந்துக்கார ஆளும் வந்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நொடி, இன்னொரு நொடி. அணைந்தான்.

தெருமுனை வேகத்தடையை நேராகக் குறி வைத்து ஓட்டினாள். ஏறியது, இறங்கியது. ஒன்றுமில்லை. அடுத்த தெருவில் இன்னொன்று இருந்தது. அதிலும் ஏறினாள். தோண்டி மூடிய அந்தப் பழைய பள்ளம் வீட்டுக்குப் போகும் வழியே இல்லை. ஆனாலும் அந்தப் பக்கம் திருப்பினாள்.

"இப்படியே போனா என் பல்லு கொட்டிடும்" என்றார் முன்சீட்டில் இருந்த நாத்தனார்.

"கொட்டட்டும் அண்ணி. பல் வைத்தியர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்."

பள்ளத்தில் சக்கரம் விழுந்து எழுந்தது. டேஷ்போர்டு கரிய கண்ணாடியாக, ஒரு பொட்டுச் சிவப்பில்லாமல் கிடந்தது. பொடிசு ஹாரனை இரண்டு முறை அடித்தாள். முன்னால் யாரும் இல்லை. அடிக்க வேண்டும் போல இருந்தது, அடித்தாள்.

திங்கட்கிழமை அவளே ஓட்டிக்கொண்டு புதுக் கிளைக்குப் போவாள். ஊரைச் சுற்றிப் போகும் அகலச் சாலையில், லாரிகளுக்கு நடுவே, சீரான வேகத்தில். அதை நினைத்ததும் அவள் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போட்டன.

பின்சீட்டில் வெகுநேரமாகச் சத்தமில்லை. கண்ணாடியில் பார்த்தாள். கணவர், ஓட்டுநர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டு காலையும் முழுக்க நீட்டியிருந்தார். நீட்டியும் இடம் மிச்சமிருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சுகம்.

"அக்கா, இங்க பாரேன். கால் எவ்வளவு தூரம் போகுது பாரு!"

நாத்தனார் திரும்பிப் பார்த்தார். தன் முழங்கால் முன்பெட்டியில் இடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். மறுபடி பின்னால் பார்த்தார்.

"பொடிசு, வண்டியை ஓரமா நிறுத்து."

"எதுக்கு அண்ணி?"

"நான் பின்னால வர்றேன். அவன் முன்னால வரட்டும்."

"முடியாது. நான்தான் முதல்ல உக்காந்தேன்" என்றார் கணவர், காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டே.

"நான் உன் அக்காடா!"

பொடிசு நிறுத்தவில்லை. இருவரும் வாய்ச்சண்டையில் இறங்க, அவள் சிக்னலில் பச்சை விழுவதைப் பார்த்து, கியரை மாற்றி, வளைவில் அழகாகத் திருப்பினாள்.